அந்தப் பால் டின்னின் கனம்

நடுவர் அவர்களுக்கும் ஈப்போ மக்களுக்கும் வணக்கம். இரண்டு அணி நண்பர்களுக்கும் சேர்த்தே வணக்கம். நேரம் குறைவு, என்னிடம் இருக்கும் கதை பெரிது.

‘ஈப்போவுக்குப் பெருமை வெள்ளையர் காலத்துக் கட்டடங்களாலா, உழைத்த மக்களாலா?’ இதுதான் தலைப்பு. நான் மக்கள் பக்கம். எதிரணித் தலைவர் சற்று முன் இதே இடத்தில் நின்று ஒன்று சொன்னார், நீங்களும் கை தட்டினீர்கள். “எங்களிடம் ரயில் நிலையம் இருக்கிறது, மணிக்கூண்டு இருக்கிறது. அந்த அணியிடம் என்ன இருக்கிறது? ஈயக்குட்டையும் கொசுவும்தான்!” என்றார்.

ஐயா, கட்டடங்களைப் பற்றி அப்புறம் பேசலாம். முதலில் அந்தக் குட்டைக்கு நான் பதில் சொல்லியாக வேண்டும்.

அது எப்படி வந்தது? ஈயம், அதாவது வெள்ளீயம், எடுக்க மண்ணில் வேகமாகத் தண்ணீரைப் பீய்ச்சிக் கரைத்தார்கள். அந்தச் சேற்றைக் குழாயில் உறிஞ்சி, ‘பாலோங்’ என்ற உயரமான மரச்சரிவில் ஓடவிட்டார்கள். லேசான மண் ஓடிப் போகும், கனத்த ஈய மணல் அடியில் தங்கும். தோண்டிய பள்ளத்தில் மழைத் தண்ணீர் நின்றது. அதுதான் நீங்கள் சொன்ன குட்டை. 1900-ஐ ஒட்டிய ஆண்டுகளில் உலகத்து ஈயத்தில் பாதிக்கு மேல் இந்த மலாயாவில், இன்றைய மலேசியாவில், இருந்து போனது. அதிலும் செழிப்பான பூமி ஈப்போ இருக்கும் நம் கிந்தா பள்ளத்தாக்கு. ரயில் வருவதற்கு முன் அந்த ஈயம் கிந்தா ஆற்றில் படகேறித்தான் தெலுக் இந்தான் துறைமுகத்துக்குப் போனது. ஈயத்துக்குப் போட்ட ஏற்றுமதி வரிதான் அன்றைக்கு அரசாங்கக் கஜானாவை நிரப்பியது. உங்கள் ரயில் நிலையம் ஹப்பக் என்ற வெள்ளைக்காரர் வரைந்த படம், ஒத்துக்கொள்கிறேன், அழகுதான். அதைக் கட்டிய காசில் இந்தக் குட்டைக்கும் பங்கு உண்டு ஐயா!

மணிக்கூண்டும் அப்படித்தான். நம் பேராக் மாநிலத்தின் முதல் பிரிட்டிஷ் ரெசிடெண்ட், அதாவது வெள்ளையர் அரசின் பிரதிநிதி, பர்ச் 1875-இல் பாசிர் சாலாக்கில் கொல்லப்பட்டார். அவர் நினைவாக 1909-இல் எழுப்பினார்கள். அதன் நான்கு மூலைகளில் நான்கு சிலைகள்: விசுவாசம், நீதி, பொறுமை, மன உறுதி. அண்ணாந்து பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்திருக்கிறேன். பொறுமைக்கு வைத்த சிலையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒரு சீனத்தம்மா ஞாபகத்துக்கு வருவாள்.

எங்கள் அப்பாயி வீடு இதே ஈப்போவில், புந்தோங்கில். பக்கத்து வீட்டில் அந்தச் சீனத்தம்மா. அவளுக்கு வேலை டூலாங் கழுவுவது. டூலாங் என்றால் அகலமான மரத்தட்டு. விடியற்காலையில் ஆற்றில் இடுப்பளவு தண்ணீரில் இறங்குவாள். மணலை அள்ளித் தட்டில் போட்டுச் சுழற்றுவாள். சுழற்றச் சுழற்ற வெளுத்த மணல் விளிம்பைத் தாண்டிப் போகும், நடுவில் கறுப்பாக ஒரு கோடு நிற்கும். அந்தக் கோடுதான் ஈயம். அந்தக் கோடுதான் அவள் வீட்டுச் சோறு.

எங்கள் தாத்தாவுக்குச் சடக்கு, அதாவது சாலை, போடும் வேலை. ஒரு நாள் கல் உருண்டு காலில் விழுந்துவிட்டது. இரண்டு மாதம் படுக்கை. குத்தகைக்காரர் ஒரு காசு தரவில்லை. வீட்டில் நான்கு பிள்ளைகள். அப்பாயி யாரிடமும் வாய் திறக்கவில்லை. ஆனால் அடுப்பு புகையாததைப் பக்கத்து வீட்டில் இருந்து ஒருத்தி பார்த்துக்கொண்டிருந்தாள்.

மூன்றாம் நாள் வாசலில் அரிசி. அடுத்த வாரம் அரிசியோடு கருவாடு. அவளுக்குத் தமிழில் தெரிந்தது ஒரே வார்த்தை, ‘தங்கச்சி’. அப்பாயிக்குச் சீனத்தில் அதுகூடத் தெரியாது. இரண்டு மாதமும் அப்படியே ஓடியது. தாத்தா எழுந்து நடந்த அன்றைக்குச் சீனத்தம்மா ஒரு பால் டின்னைக் கொண்டு வந்து நீட்டினாள். பால்தான் என்று நினைத்து அப்பாயி ஒரு கையால் வாங்கினாள். வாங்கியதும் கை தொப்பென்று கீழே போய்விட்டது! உள்ளே ஈய மணல்.

கை தட்டாதீர்கள், கதை முடியவில்லை.

அப்பாயி இந்தக் கதையை எங்களுக்கு நூறு தடவை சொல்லியிருக்கிறாள். ஒவ்வொரு தடவையும் அந்த இடம் வந்ததும் கையை நீட்டிக் காட்டுவாள், மணிக்கட்டு மடிந்து கீழே போகும். “அம்மாடி, என்னா கனம்!” என்பாள். டின்னே இல்லாமல் அந்தக் கனம் அவள் கையில் தெரியும்.

அன்றைக்கு அனுமதிச் சீட்டு இல்லாதவர் ஈயம் விற்க முடியாது. அப்பாயியிடம் ஏது சீட்டு? அதனால் சீனத்தம்மா கையாலும் மலாயிலுமாகப் புரிய வைத்தாள்: இது மணல் இல்லை, அரிசி. மறுபடியும் கஷ்டம் வந்தால் என்னிடம் கொடு, என் சீட்டில் விற்றுக் காசு தருகிறேன். ஒரு டின் நிறைய எத்தனை நாள் குனிந்திருப்பாள், நினைத்துப் பாருங்கள்.

பித்தளைப் பாத்திரத்துக்கு நம் வீடுகளில் ஈயம் பூசுவார்களே, எதற்கு? பூசாத பாத்திரத்தில் புளி களிம்பேறி நஞ்சாகும். சீமையில் இருந்து வந்த பால் டின்னும் அப்படித்தான், அது ஈயம் பூசிய தகரம். இங்கிருந்து ஆற்று மணலாகக் கப்பலேறியது, அங்கே பூச்சாகி, டின்னாகித் திரும்பி வந்தது. பூச்சு வெளியே தெரியாது ஐயா. அது இல்லாவிட்டால் உள்ளே இருப்பது கெட்டுப்போகும்.

பத்து காஜா பக்கம் கெல்லி மாளிகை என்று பெருமையாகச் சொன்னீர்கள். மதராசில் இருந்து வந்த நம் ஆட்கள் அடுக்கிய செங்கல் அது. காய்ச்சல் கண்டு கொத்தாக மாண்டபோது, மிச்சம் இருந்தவர்கள் முதலில் மாரியம்மனுக்குக் கோயில் கேட்டார்கள் என்பார்கள். மாளிகையைக் கட்டத் தொடங்கிய வெள்ளைக்கார முதலாளி கெல்லி ஸ்மித் 1926-இல் லிஸ்பனில் இறந்தார், மாளிகை அரைகுறையாக நின்றுவிட்டது. அந்தக் கோயிலில் இன்றைக்கும் விளக்கெரிகிறது.

1985-இல் ஈய விலை சரிந்தது. லம்பங்கள், அதாவது ஈயச் சுரங்கங்கள், ஒவ்வொன்றாக மூடின. சீனத்தம்மா அதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டாள். “இனிமேல் இதை யார் வாங்குவார், தூக்கிப் போடுங்கள்” என்று அப்பா சொன்னார். அப்பாயி பதிலே பேசவில்லை. டின்னை எடுத்துச் சாமி மாடத்தில், முருகன் படத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். வெள்ளிக்கிழமை தோறும் அதற்கும் சேர்த்துத்தான் குங்குமம். கடைசி நாட்களில் எங்கள் பேர் எல்லாம் அவளுக்கு மறந்துபோனது. நான் அந்த டின்னைக் கொண்டுபோய் அவள் மடியில் வைத்தேன். தடவிப் பார்த்தாள். “அக்கா குளிர் தண்ணியில நிக்கிறா, கூப்பிடு” என்றாள்.

நடுவர் அவர்களே, தீர்ப்பு எழுதும் முன் ஒன்றே ஒன்று கேட்கிறேன். அந்த டின்னைக் கொண்டு வந்திருக்கிறேன். இதோ, பிடியுங்கள். ஒரு கையால் வேண்டாம் ஐயா, இரண்டு கையாலும் வாங்குங்கள்.