பைத்தான் தொகுப்பும் அதன் உள்ளமைவுக் கோப்பும்

நேயர்களுக்கு வணக்கம். பைத்தானில் எழுதிய நிரலைப் பிறர் ஒரே கட்டளையில் நிறுவிக்கொள்ளும்படி தொகுத்துத் தர விரும்புவோர், நிரலில் காட்டும் அக்கறையை, தொகுப்பின் விவரங்களைச் சொல்லும் உள்ளமைவுக் கோப்பிலும் காட்ட வேண்டும் என்று கேட்டுக்கொள்ளவே வந்திருக்கிறேன்.

முன்பு இந்த வேலையைச் செய்துவந்த 'செட்டப் டாட் பிஒய்' கோப்பு வெறும் விவரப் பட்டியல் அன்று, இயங்கும் நிரல். ஒரு தொகுப்புக்கு என்னென்ன நூலகங்கள் (பிறர் எழுதிவைத்த ஆயத்த நிரல்கள்) தேவை என்று அறியவே அதை இயக்கிப் பார்க்க வேண்டியிருந்தது. இயக்குவதற்கோ சில நூலகங்கள் முன்கூட்டியே இருக்க வேண்டியிருந்தது. இந்தச் சிக்கலை அவிழ்க்கவே இயக்காமலே படிக்கக்கூடிய 'பைபிராஜெக்ட் டாட் டாமல்' கோப்பு 2016-இல் முன்மொழியப்பட்டது. தொகுப்பின் பெயர், பதிப்பு, சார்புகள் (அதற்குத் தேவையான பிற நூலகங்கள்) ஆகியவற்றை அதில் எழுதும் பொது முறை 2020-இல் முன்வைக்கப்பட்டது.

தொகுப்பைக் கட்டும் கருவியைக் குறிப்பிட இரண்டு வரிகள் போதும். நின்று யோசிக்க வேண்டிய இடம் சார்புகளின் பட்டியல்தான். உங்கள் நூலகத்துக்கு, இணையத்திலிருந்து தரவு பெற உதவும் 'ரிக்வெஸ்ட்ஸ்' நூலகம் தேவை என்று கொள்வோம். உங்கள் கணினியில் 2.31.0 இருக்கிறது என்பதற்காக 'மிகச்சரியாக 2.31.0' என்று எழுதிவிட்டால், வேறொரு பதிப்பை அதேபோல் இறுக்கிக் கேட்கும் இன்னொரு நூலகத்தோடு உங்களுடையதை ஒரே சூழலில் நிறுவ முடியாமல், பைத்தானின் நிறுவல் கருவியான 'பிப்' மறுத்துவிடும். நிரலுக்கு உண்மையில் தேவையான குறைந்தபட்சப் பதிப்பைச் சோதித்தறிந்து, 'அதுவும் அதற்கு மேலும்' என்று எழுதுவதே பயன்படுத்துவோருக்குச் செய்யும் நியாயம். துல்லியமான எண்கள், நீங்களே இயக்கும் செயலியின் பூட்டுக் கோப்பில் (சார்புகளின் பதிப்புகளை அப்படியே பதிந்துவைக்கும் கோப்பு) இருக்கட்டும்.

அடுத்து, 'பில்ட்' கட்டளையை இயக்கினால் 'டிஸ்ட்' அடைவில் மூலத் தொகுப்பும், நிறுவத் தயாரான 'வீல்' கோப்பும் உருவாகும். வீல் என்பது ஒரு ஜிப் கோப்பே. தயவுசெய்து அதைத் திறந்து பாருங்கள். வார்ப்புருக்களும் தரவுக் கோப்புகளும் விடுபடுவது இங்கேதான். உங்கள் அடைவில் அவை எப்போதும் கைக்கெட்டும் இடத்தில் இருப்பதால் குறை உங்கள் கண்ணில் படாது. நிறுவுபவருக்குத்தான் பிழைச்செய்தி வரும். ஆகவே புதிய மெய்நிகர் சூழல் (பிற நிறுவல்களோடு கலக்காத தனிப் பைத்தான் இடம்) ஒன்றை உருவாக்கி, வீலை அதில் நிறுவி, மூல நிரல் இருக்கும் அடைவை விட்டு வெளியே வந்து இயக்கிப் பாருங்கள். உள்ளேயே இருந்தால், நிறுவியதை விட்டுவிட்டு அருகிலுள்ள மூல நிரலையே பைத்தான் எடுத்துக்கொள்ளக்கூடும்.

இந்தச் சோதனை பதிவேற்றத்துக்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். பைத்தான் தொகுப்புக் களஞ்சியத்தில் ஒருமுறை ஏற்றிய கோப்பை நீக்கினாலும், அதே பெயரில் மீண்டும் ஏற்ற இயலாது. திருத்தத்துக்குப் புதிய பதிப்பு எண்தான் வேண்டும்.