தரங்கம்பாடி சபை: ஐந்து அடிமைகளிடம் தொடங்கிய வரலாறு

(திரையில்: தரங்கம்பாடியின் நகர வாயில். உள்ளே நேராகக் கடலை நோக்கிப் போகும் ராஜ வீதி.)

தரங்கம்பாடி என்றதும் டேனிஷ் கோட்டை நினைவுக்கு வரும். அடுத்து சீகன்பால்கு, அச்சுக்கூடம், தமிழில் முதலில் அச்சான புதிய ஏற்பாடு. இவற்றைப் பற்றி நிறையப் பேசியாயிற்று. இந்த வீடியோவில் நாம் பார்க்கப்போவது, அந்த ஊர் ஆலயத்தில் வந்து உட்கார்ந்த ஜனங்களை. அவர்கள் இல்லாமல் சபை என்று ஒன்று இருந்திருக்காது. ஆனால் கல்வெட்டுகளில் அவர்கள் பெயரைத் தேடித்தான் பிடிக்க வேண்டியிருக்கிறது.

(திரையில்: பழைய வரைபடம். கோட்டை, கடற்கரை, மதில்.)

1620-ல் தஞ்சை ரகுநாத நாயக்கரோடு செய்த உடன்படிக்கையால் டேனிஷ்காரர்களுக்கு இந்த ஊர் கிடைத்தது. அவர்கள் வந்தது வியாபாரத்துக்கு. 1701-ல் சீயோன் ஆலயத்தைக் கட்டியதும் தங்களுக்காகத்தான். தமிழர்களிடம் மதம் பேசும் எண்ணம் அவர்களுடைய வியாபாரக் கம்பெனிக்கு இருக்கவில்லை. அந்த எண்ணத்தோடு ஆள் அனுப்பியவர் டென்மார்க் அரசர் நான்காம் பிரெடெரிக். அவர் அனுப்பிய ஜெர்மானியர்கள் இருவர், பர்த்தலோமேயு சீகன்பால்கும் ஹென்ரிக் புளுச்சோவும், 1706 ஜூலை 9-ஆம் தேதி வந்து இறங்கினார்கள்.

ஊரில் இருந்த வயதான திண்ணைப் பள்ளி வாத்தியார் ஒருவர், பிள்ளைகளோடு அவர்கள் வீட்டுக்கே வந்து பாடம் நடத்தினார். பிள்ளைகளுக்குப் பக்கத்தில் இவர்களும் உட்கார்ந்து மணலில் விரலால் அ, ஆ எழுதிப் பழகினார்கள். இந்தச் சபையின் வரலாற்றை எழுதினால் அந்த வாத்தியாரில்தான் தொடங்க வேண்டும் என்பது என் எண்ணம். அவர் சபையில் சேர்ந்தவர் அல்லர். ஆனாலும் பின்னால் அங்கே கேட்ட ஒவ்வொரு தமிழ்ப் பிரசங்கத்துக்கும் அவர் போட்ட அட்சரம்தான் அடித்தளம்.

(திரையில்: சீயோன் ஆலயம். எழுத்து: 1707 மே 12.)

அடுத்த வருடம் மே 12-ஆம் தேதி முதல் ஞானஸ்நானம் நடந்தது. அன்று அதைப் பெற்றவர்கள் ஐந்து பேர். ஐவரும் டேனிஷ் வீடுகளில் இருந்த அடிமைகள். எஜமான் போய் உட்கார்ந்த அதே ஆலயத்தில் அவன் வீட்டு அடிமைக்கு ஞானஸ்நானம்! வெள்ளைக்காரர்கள் பலருக்கு இது பிடிக்கவில்லை. தமிழ்ச் சபைக்குத் தனி ஆலயம் தேவைப்பட்டது. சில மாதங்களிலேயே சிறியதாக ஒன்றைக் கட்டி, ஆகஸ்ட் 14-ஆம் தேதி எருசலேம் ஆலயம் என்று பெயர் வைத்துப் பிரதிஷ்டை செய்தார்கள். செப்டம்பரில் அங்கே தமிழர் ஒன்பது பேர் ஞானஸ்நானம் பெற்றார்கள். பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடமும் அந்த வருடமே வந்தது. பெண்பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டார்கள்.

கம்பெனிக் கோட்டையின் தளபதி ஹாசியுஸுக்கும் சீகன்பால்குவின் மிஷனுக்கும் ஒத்துப்போகவில்லை. ஓர் ஏழை விதவையின் கடன் வழக்கில் சீகன்பால்கு பரிந்து பேசப்போக, அவரைப் பிடித்துக் கோட்டையிலேயே அடைத்தார்கள். 1708 நவம்பரில் உள்ளே போனவர் வெளியே வரச் சுமார் நான்கு மாதம் ஆயிற்று. சபை கலையவில்லை.

(திரையில்: ஆலயத்தின் முகப்பு. அரசரின் முத்திரை. கீழே 1718.)

நாம் இன்று பார்க்கும் புதிய எருசலேம் ஆலயம் அதன் பிறகு எழுந்தது. 1717 பிப்ரவரியில் அடிக்கல், 1718 அக்டோபர் 11-ல் பிரதிஷ்டை. சிலுவை வடிவக் கட்டடம். நாலு மாதம் கழித்து, 1719 பிப்ரவரியில், சீகன்பால்கு ஐயர் 36 வயதில் இறந்தார். ஆலயத்துக்குள்ளேயே அடக்கம் செய்தார்கள். உள்ளே போகிறவர்கள் பெரும்பாலும் அந்தக் கல்லறைக்கு முன்னால் நின்று பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். ஆனால் சபையின் கதையில் மிக முக்கியமான இரண்டு பேர் அதற்குப் பிறகுதான் வருகிறார்கள்.

(திரையில்: இரண்டு பெயர்கள். ஆரோன். ராஜநாயக்கன்.)

ஆரோன் கடலூர்க்காரர். சைவ வேளாளர் குடும்பம். 1718-ல் ஞானஸ்நானம் பெற்று, உபதேசியாராக, அதாவது போதகருக்குத் துணையாக வேதம் கற்பிப்பவராக, ஊர் ஊராகப் போனார். 1733 டிசம்பர் 28-ல் இவருக்குக் குருப்பட்டம் கொடுத்துப் போதகராக்கினார்கள். இந்தியாவில் புராட்டஸ்டன்ட் சபை குருப்பட்டம் கொடுத்த முதல் இந்தியர் இவர்தான். கிராமத்துச் சபைகளைப் பார்த்துக்கொண்டே 1745-ல் இறந்தார்.

ராஜநாயக்கன் தஞ்சை ராஜாவின் படைவீரர். பறையர் சமூகத்தில், கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர். தரங்கம்பாடியில் அச்சான தமிழ் சுவிசேஷம் கைக்குக் கிடைத்து, அதை வாசித்துத்தான் இந்தச் சபையைத் தேடி வந்தார். படையை விட்டுவிட்டு உபதேசியாரானார். தஞ்சைப் பக்கம் ஐரோப்பியப் போதகர்கள் எளிதில் நுழைய முடியாத காலம் அது. அடியும் எதிர்ப்பும் தாங்கி அங்கே சபைகளை வளர்த்தவர் இவர்.

இரண்டாவது தமிழ்ப் போதகரைத் தேர்ந்தெடுக்கும் நேரம் வந்தபோது இவர் பெயரும் பேசப்பட்டது. ஆனால் குருப்பட்டம் 1741-ல் தியோகு என்பவருக்குப் போயிற்று. காரணம் சாதிதான். பறையரான ஒருவர் கையால் திருவிருந்து வாங்க மற்ற சாதிக் கிறிஸ்தவர்கள் மறுப்பார்கள் என்று மிஷனரிகள் பயந்தார்கள். ஆலயத்துக்குள்ளும் சாதிவாரியாகப் பிரிந்து உட்காரும் வழக்கத்துக்கு அவர்கள் இடம்கொடுத்திருந்தார்கள். கம்பெனியை எதிர்த்துச் சிறைக்குப் போகத் துணிந்த ஒரு மிஷன், தன் சொந்த மக்களின் சாதி கோபத்துக்கு அஞ்சியது. இதை மூடி மறைத்துவிட்டு இந்தச் சபையைப் புகழ்வது ராஜநாயக்கனுக்குச் செய்யும் இரண்டாவது அநீதி. 1771-ல் சாகும்வரை அவர் உபதேசியாராகவே ஊழியம் செய்தார்.

(திரையில்: டேனிஷ் கொடி இறங்குகிறது. எழுத்து: 1845.)

பிறகு ஊர் தளர்ந்தது. நெப்போலியன் காலச் சண்டையில் ஆங்கிலேயர் சில வருடம் ஊரைப் பிடித்து வைத்திருந்தார்கள். 1845-ல் டென்மார்க் விற்றேவிட்டது. நாகப்பட்டினத்துக்கு ரயில் வந்ததும் இருந்த வியாபாரமும் அங்கே போனது. ஊருக்கு நேர்ந்தது சபைக்கு நேரவில்லை. ஜெர்மனியின் லைப்சிக் மிஷன் பொறுப்பேற்றது. முதல் உலகப் போரில் ஜெர்மானியர்களை ஆங்கில அரசு வெளியேற்றியபோது ஸ்வீடன்காரர்கள் கைகொடுத்தார்கள். 1919 ஜனவரி 14-ல் தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை, சுருக்கமாக த.சு.லு.தி., தனிச் சபையாக உருவானது.

அதன் தலைவருக்குப் பட்டம் தரங்கைப் பேராயர். தலைமையகம் திருச்சியில் இருந்தாலும் பட்டம் இந்தச் சின்ன ஊரின் பெயரில்தான். முதல் பேராயர்கள் ஸ்வீடன்காரர்கள். 1956-ல்தான் ராஜா பூஷணம் மாணிக்கம் அந்தப் பட்டத்தை ஏற்ற முதல் தமிழர் ஆனார். ஆரோனுக்குக் குருப்பட்டம் கிடைத்து அதற்குள் 222 வருடங்கள் முடிந்திருந்தன.