நாலு நாற்பதானது எப்படி?

நேயர்களுக்கு வணக்கம்.

பறவை பார்க்கும் நண்பர்கள் சிலர் சேர்ந்து ஒரு பட்டியல் எழுதிவந்தோம். எந்தப் பறவை, எந்த மாதம், எத்தனை. அவ்வளவுதான். ‘பட்டியல் புதியது’, ‘புதியது 2’, ‘இதுதான் கடைசி’ என்று மின்னஞ்சலில் கோப்புகள் குவிந்தன. ஒருவர் திருத்தியதை இன்னொருவர் அழிக்க, ஒரு பருவத்துக் குறிப்புகள் அப்படியே போயின. அந்த வருத்தத்தில்தான், பலரும் சேர்ந்து ஒரே பக்கத்தைத் திருத்தக்கூடிய இணையதளமான விக்கிக்கு மாறினோம்.

வார்டு கன்னிங்காம் என்ற நிரலாளர் 1995 மார்ச் 25 அன்று முதல் விக்கியைத் திறந்துவைத்தார். ஹவாய் மொழியில் விக்கி என்றால் விரைவு. ஹொனலுலு விமான நிலையத்தில் ஓடிய ‘விக்கி விக்கி’ பேருந்தின் பெயரை நினைவில் வைத்து அவர் சூட்டிய பெயர் அது. எங்களைக் காப்பாற்றியது என்னவோ இன்றைய விக்கிகளில் இருக்கும் ‘வரலாறு’ என்ற பொத்தான்தான்.

ஒரு நாள், புதிதாகச் சேர்ந்த ஒருவர் கொக்குகளின் எண்ணிக்கையை 4 என்பதிலிருந்து 40 ஆக்கிவிட்டார். வரலாற்றைத் திறந்தோம். இடப்பக்கம் பழைய வரி, வலப்பக்கம் புதிய வரி, மாறிய இடம் மட்டும் நிறம் தீட்டித் தெரிந்தது. ஒரே சொடுக்கில் பழையபடி ஆக்கியிருக்கலாம். நல்லவேளை, அவசரப்படவில்லை. பட்டியலைப் பற்றி விவாதிக்க விக்கியில் இருக்கும் பேச்சுப் பக்கத்தில் ஒருவர் கேட்டார்: “நீங்கள் எண்ணியது மாலையிலா?” ஆமாம், கொக்குகள் அடைய வரும் நேரத்தில் எண்ணியிருக்கிறார். நாங்களோ நடுப்பகலில். இரண்டுமே சரி! அன்றைக்கே பட்டியலில் ‘நேரம்’ என்று ஒரு நெடுவரிசை கூடியது. தனித்தனியாக எண்ணிக்கொண்டிருந்தவர்கள் ஒரு குழுவானது அந்தக் கேள்வியில்தான் என்று நான் நம்புகிறேன்.

இப்போது கருவிகள் இன்னும் எளிதாகிவிட்டன. குறியீடுகள் தெரியாதவரும் சாதாரண ஆவணம் போலவே தட்டச்சு செய்து திருத்தலாம். விக்கிப்பீடியாவை இயக்கும் மீடியாவிக்கி கட்டற்ற மென்பொருள், யாரும் நிறுவிக்கொள்ளலாம். சிறு குழு என்றால் டோக்குவிக்கி என்ற இன்னொரு விக்கி மென்பொருள் போதும் என்பேன். அதற்குத் தரவுத்தளம்கூட வேண்டாம், எல்லாம் வெறும் உரைக் கோப்புகள்.

அப்புறம், 2012இல் தொடங்கிய விக்கித்தரவு, யாரும் திருத்தக்கூடிய ஒரு பொதுத் தகவல் களஞ்சியம். அதில் ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் எண் உண்டு, பூமிக்கு க்யூ2. ஒரு பறவையின் அறிவியல் பெயரும் பல மொழிப் பெயர்களும் அந்த எண்ணின்கீழ் ஒரே இடத்தில் சேர்ந்திருக்கும். அங்கே பிழையைத் திருத்தினால், அதிலிருந்து தகவல் எடுக்கும் பட்டியல்களும் புதுப்பிக்கப்படும்போது சரியாகிவிடும். எங்கள் எண்ணிக்கைகளுக்கு அது இடமல்ல. ஆனால் பெயர்களை இனி நாங்கள் தனியாக எழுதிவைப்பதில்லை.

நீங்களும் தொடங்குவதாக இருந்தால், எல்லாம் நிரப்பிய பட்டியலோடு ஆட்களை அழைக்காதீர்கள். பாதிக் கட்டங்கள் காலியாக இருக்கட்டும், வருகிறவருக்கு வேலை வேண்டுமல்லவா?

அந்தக் கொக்குப் பேச்சுப் பக்கத்தை நாங்கள் இன்னும் மூடவில்லை. போன வாரம் ஒருவர் வந்து, விடியற்காலையில் எண்ணினால் எத்தனை வரும் என்று கேட்டிருக்கிறார். வரும் ஞாயிறு நாலு பேர் போகிறோம்.