பச்சரிசி தின்னும் 13 வயசுப் பொண்ணு, எட்டு மாசக் குழந்தை: இரும்புச்சத்து பற்றிய கேள்விக்குப் பதில்

அடுத்த கேள்வி, பள்ளத்தூர்ல இருந்து ஒரு அம்மா. கடைக்குட்டிக்கு எட்டு மாசம், தாய்ப்பாலும் பருப்புத் தண்ணியும்தான் குடுக்குறாங்களாம். "கவுனி அரிசிக் கஞ்சி குடு, கறுப்பா இருக்குல்ல, ரத்தம் ஊறும்"னு வீட்டுல அப்பத்தா சொல்றாங்களாம். மூத்தவளுக்கு 13 வயசு, பச்சரிசியை அள்ளி அள்ளி வாயில போட்டுக்குறா, மாடிப்படி ஏறுனா மூச்சு வாங்குது. ஹீமோகுளோபின் 9.4. ரெண்டு பேருக்கும் என்ன செய்யன்னு கேட்டிருக்காங்க.

ரெண்டு பிள்ளையா இருந்தாலும் விஷயம் ஒண்ணுதாம்மா. உடம்பு வேகமா வளர்ற காலம் ரெண்டு இருக்கு. ஆறு மாசத்துல இருந்து ரெண்டு வயசு வரைக்கும் ஒண்ணு, வயசுக்கு வர்ற பருவம் இன்னொண்ணு. இரும்புச்சத்து அதிகமா காலியாகுறதும் இந்த ரெண்டு காலத்துலதான்.

சின்னதை முதல்ல பாப்போம். குழந்தை வயித்துல இருக்கும்போதே அம்மாகிட்ட இருந்து இரும்பைச் சேத்துக்கிட்டுத்தான் பிறக்குது. அது ஏறத்தாழ ஆறு மாசத்துக்குத்தான் காணும். தாய்ப்பால்ல இருக்குற இரும்பு நல்லா ஒட்டும், ஆனா அளவு ரொம்பக் கம்மி. அதனால ஏழாவது மாசத்துல இருந்து சாப்பாட்டுலதான் வரணும். பருப்புத் தண்ணில என்ன இருக்கு? வெறும் தண்ணி. சத்தெல்லாம் கீழ தங்குற பருப்புலதான், அதை நாம சாப்பிட்டுட்டு தெளிவைப் பிள்ளைக்கு ஊத்துறோம்! மூளை வேகமா வளர்ற இந்த வயசுல இரும்பு குறைஞ்சா, பின்னால மருந்து குடுத்து ரத்தம் ஏறுனாலும் கவனம், பேச்சுல வந்த பின்னடைவு முழுசா சரியாகாமப் போகலாம். அதான் இவ்வளவு அழுத்திச் சொல்றேன்.

அரிசி ரெண்டு பங்கு, பாசிப்பருப்பு ஒரு பங்கு, குக்கர்ல நல்லாக் குழைய விட்டு மசிங்க. கரண்டியைச் சாய்ச்சா வழிஞ்சு ஓடக் கூடாது, அந்தக் கெட்டி வேணும். ஒரு ஸ்பூன் நெய் விடுங்க. ஒரு வேளைக்கு 250 மில்லி கிண்ணத்துல பாதி வரைக்கும், ஒரு நாளைக்கு ரெண்டு மூணு வேளை, தாய்ப்பாலும் தொடரட்டும். அசைவம் புழங்குற வீடுன்னா கோழி ஈரலை உள்ள வரைக்கும் வேகவச்சு, மசிச்சு ஒரு தேக்கரண்டி, வாரத்துல ஒண்ணு ரெண்டு தடவை போதும். ஈரல்ல வைட்டமின் ஏ அதிகம், தினமும் குடுக்காதீங்க. ஒரு வயசு வரைக்கும் உப்பு, சர்க்கரை வேண்டாம். தேன் சொட்டுகூட நாக்குல வைக்கக் கூடாது. பசும்பாலும் குடிக்கிற பாலா வேண்டாம்.

கவுனி அரிசிக்கு வருவோம். அப்பத்தா கோவிச்சுக்கக் கூடாது. நம்ம ஊர் விசேஷத்துக்குக் கவுனி அரிசி இல்லாம முடியாதுதான். ஆனா நிறம் கறுப்புங்குறதால இரும்பு நிறைய இருக்குன்னு அர்த்தம் இல்லை. பீட்ரூட்டும் மாதுளையும் அப்படித்தான், செவப்பு மட்டும்தான் இருக்கு. கவுனி அரிசியைக் கொஞ்சம் பெரிய பிள்ளையானதும் ருசிக்குக் குடுங்க, ரத்தத்துக்குன்னு நம்பி இருக்காதீங்க.

அங்கன்வாடிலயோ கிராம சுகாதார செவிலியர்கிட்டயோ இரும்புச்சத்து சிரப் கேளுங்க. ஆறு மாசத்துல இருந்து அஞ்சு வயசு வரைக்கும் வாரம் ரெண்டு தடவை 1 மில்லி, அதுல 20 மில்லிகிராம் இரும்பு இருக்கும். நாக்குக்குப் பின்னால விட்டா பல்லுல கறை பிடிக்காது. மலம் கறுப்பாப் போகும், பயப்பட வேண்டாம். காய்ச்சல் அன்னிக்கு வேண்டாம். பாட்டிலை மட்டும் எட்டாத உயரத்துல வைங்க. தவழுற பிள்ளை அதை எடுத்து மொத்தமா குடிச்சிட்டா உயிருக்கே ஆபத்து.

இப்ப மூத்தவ. பச்சரிசி, சாக்பீஸ், மண்ணுன்னு தின்னுறதைக் கெட்ட பழக்கம்னு திட்டாதீங்க, இரும்பு குறைஞ்ச உடம்பு அப்படிக் கேக்கும். அவ வயசுக்கு ஹீமோகுளோபின் 12 இருக்கணும், 9.4ங்குறது சாப்பாட்டுல மட்டும் சரி பண்ணக்கூடிய அளவு இல்லை. பள்ளிக்கூடத்துல வாரம் ஒண்ணு தர்ற நீல மாத்திரை இருக்குல்ல, 60 மில்லிகிராம் இரும்பு, அது வராமத் தடுக்கத்தான். இவளுக்குத் தினமும் மாத்திரை வேணும், அளவை டாக்டர் எழுதித் தருவாரு. எச்பி, அதான் ஹீமோகுளோபின், சரியானதும் நிறுத்திடாதீங்க, உடம்புல சேமிப்பு நிரம்ப இன்னும் ரெண்டு மூணு மாசம் ஆகும்.

வெறும் வயித்துல போட்டா நல்லா ஒட்டும், ஆனா குமட்டும். குமட்டுனா ராத்திரி சாப்பிட்டுப் போடட்டும். பாலோட வேண்டாம். டீயும் காபியும்தான் நம்ம பக்கம் பெரிய எதிரி, சாயங்காலம் பலகாரம்னா கூடவே ஒரு டம்ளர் வந்துருமே! சாப்பாட்டுக்கும் மாத்திரைக்கும் முன்ன ஒரு மணி நேரம், பின்ன ஒரு மணி நேரம் தள்ளி வைங்க. அதுக்குப் பதிலா ஒரு கொய்யாவோ நெல்லிக்காயோ தின்னட்டும். சுண்டல், முளைகட்டுன பயறு, கம்பு எது சாப்பிட்டாலும் எலுமிச்சம்பழம் பிழிஞ்சுக்கணும். சுவரொட்டி, அதான் ஆட்டு மண்ணீரல், கிடைச்சா நல்லா வேகவச்சுக் குடுங்க, அதுல இருக்குற இரும்பு கீரைல இருக்குறதைவிட எவ்வளவோ சுலபமா ஒட்டும்.

மூத்தவளுக்குப் பூச்சி மாத்திரை, அல்பெண்டசோல் 400 மில்லிகிராம், ஆறு மாசத்துக்கு ஒருக்கா. செருப்பில்லாம மண்ணுல நடந்தா கொக்கிப்புழு ஏறும், அது குடல்ல இருந்து ரத்தம் குடிக்கும். மாதவிலக்கு ஏழு நாளுக்கு மேல போகுதா, ஒரு மணி நேரத்துக்கு ஒரு நாப்கின் நனையுதான்னு பக்குவமாக் கேளுங்க. ஆமான்னா அதுக்கும் வைத்தியம் வேணும்.

மாத்திரை ஆரம்பிச்சு ஒரு மாசத்துல எச்பி ஒரு கிராமாவது ஏறணும். ஏறலைன்னா ஒழுங்காப் போடுறாளான்னு முதல்ல பாருங்க, நிறைய பேர் ஜன்னல் வழியா எறிஞ்சிடுறாங்க. போட்டும் ஏறலைன்னா உடம்புல இரும்புச் சேமிப்பு எவ்வளவுன்னு காட்டுற ஃபெரிட்டின் டெஸ்டும், பரம்பரையா வர்ற ரத்தக் கோளாறான தலசீமியாவுக்கான ரத்தப் பரிசோதனையும் எடுக்கச் சொல்லி டாக்டர்கிட்ட கேளுங்க. சொந்தத்துக்குள்ள கல்யாணம் பண்ணுன குடும்பம்னா அதையும் அவர்கிட்ட சொல்லிடுங்க.