கை வளரணும்னா அடுத்தவர் பாட்டுதான்!

(பட்டிமன்றத் தலைப்பு: பொழுதுபோக்காகக் கிட்டார் வாசிப்பவர்கள் கையில் எடுக்க வேண்டியது பிறர் பாட்டையா, சொந்தப் பாட்டையா? ‘பிறர் பாட்டையே’ அணியின் உரை.)

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே, எதிர்வரிசை நண்பர்களே, மடியில கிட்டாரோடயே வந்து உட்கார்ந்திருக்கிற அவையோரே, எல்லாருக்கும் வணக்கம்.

எனக்கு முன்னாடி பேசின எதிரணித் தலைவர் எங்க மேல மூணு குற்றச்சாட்டு வச்சார். கவர், அதாவது பிறர் பாட்டை, வாசிக்கிறவன் வெறும் ஜெராக்ஸ் மெஷின், இது ஒண்ணு. சட்டச் சிக்கல் வரும், இது ரெண்டு. பத்து வருஷம் வாசிச்சாலும் ‘இது என் பாட்டு’ன்னு காட்ட ஒண்ணும் மிஞ்சாது, இது மூணு. பேச்சு ஜோராத்தான் இருந்தது, கைத்தட்டலும் வாங்கினார். ஆனா தலைப்புல ‘பொழுதுபோக்காக’ன்னு ஒரு வார்த்தை இருக்கே, அதை அப்படியே தாண்டிப் போயிட்டார். ஆபீஸ் முடிஞ்சு வந்து, சாப்பிட்டு, பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டறதுக்குள்ள கிடைக்கிற முக்கால் மணி நேரம்தான் பொழுதுபோக்கா வாசிக்கிறவருக்கு மூலதனம். அதை எதுல போட்டா கை வளரும்? நான் பேச வந்தது அதைப் பத்தித்தான்.

முதல்ல சொந்தப் பாட்டு எப்படிப் பிறக்குதுன்னு பார்த்துடலாம். கேப்போவை, அதாவது கம்பிகளை அழுத்திப் பிடிக்கிற கிளிப்பை, ரெண்டாவது ஃப்ரெட்டுல (கிட்டார் கழுத்துல இருக்கிற கட்டம்) மாட்டுவாங்க. அப்புறம் நாலு கார்டு (சேர்ந்து ஒலிக்கிற ஸ்வரக் கூட்டம்): ஜி, டி, இ மைனர், சி. ஒவ்வொண்ணும் நாலு அடி. மீட்டற வலது கை ‘கீழ், கீழ்-மேல், மேல்-கீழ்-மேல்’. பல்லவிக்கும் இதே, சரணத்துக்கும் இதே. ஏன் எல்லாருக்கும் இதே நாலு கார்டு வருது? கம்பியை மெல்லிசுல இருந்து எண்ணி, மோதிர விரலை ரெண்டாவது கம்பி மூணாவது ஃப்ரெட்டுலயும், சுண்டு விரலை முதல் கம்பி மூணாவது ஃப்ரெட்டுலயும் வச்சுப் பாருங்க. ஜி-யில இருந்து இ மைனர், சி, டி வரைக்கும் மத்த ரெண்டு விரலை நகர்த்தினாலே போதும், ஏறத்தாழ எல்லா கார்டும் வந்துடும். இந்த ரெண்டு விரலும் உட்கார்ந்த இடத்தை விட்டு எழுந்திருக்கவே வேண்டாம். அப்போ அந்தப் பாட்டை கம்போஸ் பண்ணது யாரு? நண்பரா? அந்த ரெண்டு விரல்தான் நடுவர் அவர்களே!

ஆரம்பத்துல கை தனக்குத் தெரிஞ்சதைத்தான் பாட்டாக்கும். எஃப் பார் கார்டு (ஆள்காட்டி விரலாலேயே ஆறு கம்பியையும் அழுத்தறது) வலிக்குதா, சொந்தப் பாட்டுல எஃப் வரவே வராது. பி மைனர் கஷ்டமா, அதுவும் வராது. அடுத்தவர் பாட்டுல இந்தச் சலுகை கிடையாது, எஃப்-ன்னா எஃப்தான். அப்பத்தான் அந்த கார்டோட மல்லுக்கட்டுவோம். ஆள்காட்டி விரலைத் தட்டையா வைக்காம, எலும்புப் பக்கமாக் கொஞ்சம் சாய்ச்சு, ஃப்ரெட் கம்பியை ஒட்டி வைக்கணும். முதல் ஃப்ரெட்டுல சத்தம் வரலைன்னா அதே வடிவத்தை அஞ்சாவது ஃப்ரெட்டுல வச்சுப் பாருங்க. அங்க பளிச்சுன்னு வந்து, முதல் ஃப்ரெட்டுல மட்டும் வரலைன்னா பெரும்பாலும் குத்தம் உங்க மேல இல்ல. நட்டுல, அதாவது கழுத்து முனையில கம்பி உட்கார்ற பள்ளமுள்ள பட்டையில, கம்பி உயரமா நிக்குது. ரிப்பேர் கடையில கொடுத்தா பள்ளத்தை அரம் வச்சு இறக்கிக் கொடுப்பாங்க. கிட்டார்ல இப்படி ஒரு குறை இருக்கறதே, அடுத்தவர் பாட்டு எஃப் கேட்டதாலதான் தெரியவருது.

ஜெராக்ஸ்னாரே, அதுக்கு வர்றேன். வெப்சைட்டுல இருக்கிற கார்டை அப்படியே பார்த்து அடிக்கிறவருக்கு அந்தப் பேர் பொருந்தும், மறுக்கலை. நாங்க சொல்ற கவர் வேற. காதால எடுக்கிற கவர்.

ஹெட்ஃபோன் போட்டுக்குங்க. பாடறவர் குரலை மறந்துட்டு அடி ஸ்வரம் போடற பேஸ் கிட்டாரை மட்டும் கேளுங்க. கார்டு மாறுற ஒவ்வொரு இடத்துலயும் முதல் அடியில என்ன ஸ்வரம் விழுதோ, அதை ஆறாவது, அஞ்சாவது கம்பியில தேடுங்க. வெப்சைட்டுல ‘சி, ஜி, ஏ மைனர், எஃப்’னு போட்டிருக்கும். வாசிச்சா சரியாத்தான் இருக்கும், ஆனா ஏதோ குறையும். என்ன குறையுதுன்னு கேட்கறவருக்கும் சொல்லத் தெரியாது. பேஸைக் கேட்டா அது சி, பி, ஏ, ஜி, எஃப்னு ஒவ்வொரு படியா இறங்கும். நம்ம சினிமாப் பாட்டுல இந்த இறக்கம் எத்தனை இடத்துல வருதுன்னு கேட்டுப் பாருங்க. இப்போ இதைக் கைக்குக் கொண்டு வரணும். ஜி கார்டுல ஆறாவது கம்பியை விட்டுட்டு, அஞ்சாவது கம்பி ரெண்டாவது ஃப்ரெட்டுல இருந்து அடிக்கணும். ஏ மைனரைப் பிடிச்சபடியே சுண்டு விரலை ஆறாவது கம்பி மூணாவது ஃப்ரெட்டுக்கு நீட்டணும். அதே விரல் லேசா அஞ்சாவது கம்பியைத் தொட்டு அதோட சத்தத்தையும் அடக்கணும். இங்கதான் எல்லாருக்கும் சறுக்கும். சுண்டு விரல் நீளும்போது மோதிர விரல் தூக்கிக்கும், மூணாவது கம்பி செத்துடும். மெட்ரோனோமை (தாள வேகம் தட்டுற கருவி) நிமிஷத்துக்கு 60 அடியில வச்சு, ஏ மைனரையும் இந்த நீட்டலையும் மட்டும் ஒரு வாரம் மாத்தி மாத்திப் போட்டாத்தான் சரியாகும். இவ்வளவு வேலை எந்த ஜெராக்ஸ் மெஷின் செய்யும், நடுவர் அவர்களே?

இன்னொண்ணு, பழைய பாட்டை எடுக்கிறவங்க எல்லாரும் படற அவஸ்தை. ட்யூனர் வச்சு ஆறு கம்பியும் சுத்தமா சேர்த்திருப்பாங்க. பாட்டோட சேர்ந்து வாசிச்சா ஒட்டாது. இந்த ஃப்ரெட்டும் இல்ல, அடுத்த ஃப்ரெட்டும் இல்ல, நடுவுல எங்கேயோ நிக்கும். காது சரியில்லையோன்னு சந்தேகமே வந்துடும். டேப் காலத்து ஒலிப்பதிவுல ஓட்டத்தோட வேகம் துளி மாறினாலும் சுருதி நகர்ந்துடும், அவ்வளவுதான் விஷயம். ட்யூனர்ல ஏ ஸ்வரத்துக்கு 440-ன்னு இருக்கிற அளவைக் கொஞ்சம் ஏத்தியோ இறக்கியோ பாட்டுக்கு ஒட்டற இடத்துல நிறுத்திட்டு, அதுக்குக் கம்பியைச் சேர்த்துக்கலாம். இல்லன்னா ஆப்-ல பாட்டோட சுருதியை நகர்த்திக்கலாம். காது கூர்மையாகறது இந்த மாதிரி வேலையிலதான்.

தாளத்துக்கு வருவோம். எதிரணி நண்பர்களோட சொந்தப் பாட்டுல நூத்துக்குத் தொண்ணூறு நாலு அடியிலதான் நடக்கும். (கணக்கு கேட்காதீங்க, இது பட்டிமன்றக் கணக்கு.) நம்ம பாட்டுல ஆறு-எட்டு தாளம் (வட்டத்துக்கு ஆறு அடி) கொட்டிக் கிடக்கு. அங்க போய் அந்த ‘கீழ், கீழ்-மேல்’ போட்டா மூணாவது வட்டத்துலயே தடுக்கி விழும். ஒண்ணுக்கும் நாலுக்கும் அழுத்தம் கொடுத்து, மத்ததை லேசாத் தொட்டுட்டுப் போகணும். பிறர் பாட்டு இழுத்துட்டுப் போகாம யாரும் தானா அங்க போறதில்ல.

கமகமும் அப்படித்தான். பாடறவர் ஒரு ஸ்வரத்தை அசைச்சுப் பாடியிருப்பார். அதைக் கம்பியை வளைச்சுக் கொண்டுவரப் பார்த்தா அக்கூஸ்டிக்ல முடியாது. மூணாவது கம்பி அங்க சுத்துக் கம்பி (மேல இன்னொரு மெல்லிய கம்பி சுத்தினது), தடிமனான செட்டுன்னா விரல்தான் கிழியும். எலெக்ட்ரிக்ல அதே கம்பி சாதாக் கம்பி, வளைஞ்சு கொடுக்கும். அக்கூஸ்டிக்ல ஒரு ஃப்ரெட், ரெண்டு ஃப்ரெட் கீழே இருந்து வழுக்கித்தான் ஏறணும், ஒரே மீட்டல்ல. பாட்டை 0.75 வேகத்துல ஓட விட்டு, நாலே நாலு வட்டத்தைத் திரும்பத் திரும்பக் கேட்டா அந்த வழுக்கல் எங்க ஆரம்பிக்குதுன்னு பிடிபடும்.

இதையெல்லாம் விட முக்கியமா ஒண்ணு இருக்கு. சொந்தப் பாட்டுல தப்பே கிடையாது! ஏ மைனர் வர வேண்டிய இடத்துல சி அடிச்சுட்டா? ‘புது வெர்ஷன்.’ வேகம் கூடிடுச்சா? ‘ஃபீல்.’ தெரிஞ்ச பாட்டுல இந்தக் கதை நடக்காது. அப்பார்ட்மென்ட் பொங்கல் விழாவுல கடைசி வரிசைத் தாத்தா முகத்தைச் சுளிப்பார், அந்தச் சுளிப்புக்கு ஃபீஸ் கிடையாது. வீட்டுலயே சோதிக்கணும்னா, போனை பன்னெண்டாவது ஃப்ரெட்டுக்கு நேரா ஒண்ணரை அடி தள்ளி வச்சுப் பதிவு பண்ணுங்க. சவுண்ட்ஹோலுக்கு நேரா வச்சா கடகடன்னு பேஸ்தான் வரும். பதிவையும் அசலையும் மாத்தி மாத்திக் கேளுங்க. சொந்தப் பாட்டைப் பதிவு பண்ணிட்டு எதோட ஒப்பிடுவீங்க?

வரலாற்றையும் கொஞ்சம் பார்க்கலாம். இங்கிலாந்து இசைக்குழு பீட்டில்ஸ் 1960-ல ஜெர்மனி ஹாம்பர்க் கிளப்புக்குப் போனப்போ, ராத்திரிக்கு நாலரை மணி நேரம், வார இறுதியில ஆறு மணி நேரம் வாசிச்சாங்க. பெரும்பாலும் அடுத்தவங்க பாட்டு. 1963-ல வந்த அவங்க முதல் எல்.பி. இசைத்தட்டுல இருந்த 14 பாட்டுல 6 அடுத்தவங்களோடது. பின்னாளில் இலக்கிய நோபலே வாங்கின பாப் டிலன், 1962-ல போட்ட முதல் ஆல்பத்துல 13 பாட்டு. சொந்தமா எழுதினது ரெண்டே ரெண்டு. கிட்டார் மேதை ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் தன் குழுவோட 1966-ல போட்ட முதல் சிங்கிளும் (தனிப்பாட்டு இசைத்தட்டு) அடுத்தவர் பாட்டுதான். நம்ம ஊருக்கு வருவோம். 1976-ல ‘அன்னக்கிளி’ வர்றதுக்கு முன்னாடி இளையராஜா மத்த இசையமைப்பாளர்களோட மெட்டுக்குக் கிட்டார் வாசிச்சவர். இவங்களை ஜெராக்ஸ்னு சொல்ல எதிரணிக்குத் தைரியம் இருக்கா?

சட்டம். இதுல எங்க பக்கம் கொஞ்சம் பலவீனம்தான், ஒத்துக்கறேன். பதிப்புரிமைச் சட்டத்துல 2012 திருத்தத்துல வந்த 31சி பிரிவுப்படி கவரை ஒலிப்பதிவா வெளியிடணும்னா, அசல் பதிவான வருஷம் முடிஞ்சு 5 வருஷம் ஆகியிருக்கணும். முன்கூட்டி நோட்டீஸ் தரணும். வருஷத்துக்குக் குறைஞ்சது 50,000 பிரதிக்கான ராயல்டியை முதல்லயே கட்டணும். பொழுதுபோக்குக் கலைஞருக்கு இது கட்டுப்படியாகாது. சரி, யார் கேசட் போட்டு விக்கப் போறாங்க? யூடியூப்ல போட்டா பெரும்பாலும் உரிமையாளர் பேர்ல ஒரு கிளெய்ம் விழும், விளம்பரக் காசு அங்க போகும். சில சமயம் வீடியோவையே முடக்குவாங்க. டிக்கெட் போட்டு நடத்துற கச்சேரின்னா ஏற்பாடு பண்றவர் பாட்டு உரிமையைக் கவனிக்கிற ஐ.பி.ஆர்.எஸ். அமைப்போட உரிமம் வாங்கியிருக்காரான்னு கேட்டுக்குங்க. மொட்டை மாடியில உட்கார்ந்து கை பழகறதுக்கு எந்தப் பிரிவும் குறுக்க வராது.

மூணாவது குற்றச்சாட்டு, நம்ம பேர்ல ஒண்ணும் மிஞ்சாதுன்னு. ஏன் மிஞ்சாது? அசல்ல வயலின் கூட்டமே வாசிச்ச இடையிசையை ஒத்தைக் கிட்டார்ல எப்படிக் கொண்டு வர்றதுன்னு யோசிங்க. எல்லாத்தையும் வாசிக்க முடியாது. மேல் மெட்டை முதல் ரெண்டு கம்பியில வச்சுக்கிட்டு, கட்டை விரலால பேஸ் மட்டும் போட்டு, நடுவுல இருக்கிறதைத் தூக்கி எறியணும். எதை எறியறீங்களோ அதுல உங்க ரசனை தெரிஞ்சுடும். கொஞ்ச நாள் போனா, ரெண்டாவது இடையிசையை விட்டுட்டு அதே கார்டுல எட்டு வட்டத்துக்கு நீங்களே ஒண்ணு கட்டிப் பாருங்க. அந்த எட்டு வட்டம் உங்களோடதுதான். (வெளியீடுன்னு வந்தா, தேவையில்லாம அசலை மாத்தக் கூடாதுன்னும் அதே 31சி சொல்லுது. வீட்டுக்குள்ள அந்தக் கவலை வேண்டாம்.) ஒரே பத்துப் பாட்டை அஞ்சு வருஷமா அதே கேப்போ, அதே ஸ்ட்ரம்மிங்ல ஓட்டுற ஆளை மட்டும் எங்க அணியில சேர்க்காதீங்க. அவருக்கு நான் வாதாட மாட்டேன்.

மணி அடிச்சிட்டீங்க, இதோ முடிச்சுடறேன். அடுத்துப் பேச வர்ற எதிரணி நண்பர் கிட்டாரோடதான் உட்கார்ந்திருக்கார், கேப்போவும் ரெண்டாவது ஃப்ரெட்டுலதான் இருக்கு. அவர் பேச ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி, கிட்டாரை ஓரமா வச்சுட்டு, கார்டே இல்லாம அவரோட சொந்தப் பாட்டோட பல்லவியை ஒரு தடவை முனகிக் காட்டச் சொல்லுங்க. அப்புறம் சரணத்தையும் முனகட்டும். ரெண்டுக்கும் வித்தியாசம் தெரியுதான்னு அவையோர் கையைத் தூக்கிச் சொல்லட்டும். நன்றி, வணக்கம்.