அளவு கூடவில்லை, ஆனாலும் மனசு ஏன் பாரமாக இருக்கிறது?

அடுத்த கேள்வி, 46 வயது நண்பர் ஒருவர் அனுப்பியது. "இருபதுகளில் நண்பர்களோடு வாரக் கடைசியில் நிறையக் குடிப்பேன். இப்போது தினமும் ராத்திரி இரண்டு பெக் மட்டும், தூக்கம் வருவதற்காக. கணக்குப் பார்த்தால் அளவு கூடவே இல்லை. ஆனால் இரண்டு வருடமாக மனசு பாரமாக இருக்கிறது. குடியால் இப்படி ஆகிறதா, மனசு சரியில்லாமல் குடிக்கிறேனா? குடிக்கவே குடிக்காத என் நண்பர் என்னைவிடச் சோர்ந்திருக்கிறாரே?"

நீங்கள் அளவைத்தான் எண்ணியிருக்கிறீர்கள். எனக்குக் கண்ணில் பட்டது குடிக்கிற காரணம் மாறியிருப்பது. பலருக்கு இருபதுகளில் உச்சத்தில் இருக்கும் குடி, குடும்பம், பிள்ளைகள் என்று வரும்போது தானாகவே குறையும். உங்களுக்குக் கூட்டத்தில் இருந்தது தனிமைக்கு வந்து, தூக்கத்துக்கு மருந்தாகிவிட்டது. இது வேறு பழக்கம். அதோடு வயது ஏற ஏற உடம்பில் நீரின் அளவு குறைவதால், அதே இரண்டு பெக் ரத்தத்தில் கூடுதலாக ஏறும்.

மூளையை அமைதிப்படுத்தும் காபா என்ற ரசாயனத்தின் வேலையை மது கூட்டுகிறது, தூண்டிவிடும் குளுட்டமேட்டை அடக்குகிறது. தினமும் இது நடந்தால் மூளை எதிர்ப்பக்கமாகத் தன்னைச் சரிசெய்துகொள்ளும். போதை இறங்கியதும் அந்த எதிர்வேலை மட்டும் மிஞ்சும். பின்னிரவில் திடீரென்று விழிப்பு வந்து நெஞ்சு படபடக்கிறதே, அது இதனால்தான். தூக்கம் சீக்கிரம் வருவது உண்மை, பாதி ராத்திரிக்கு மேல் அது நிற்காது. மறுநாள் அசதி, எரிச்சல். சாயங்காலம் அதைப் போக்க மறுபடியும் இரண்டு பெக். இந்தச் சுழலுக்குள் இருந்துகொண்டு எது முதலில் வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது.

நிறுத்திப் பார்த்தால்தான் தெரியும். குடியால் வந்த மனச்சோர்வு பலருக்கு 2 முதல் 4 வாரத்தில் நன்றாகக் குறைந்துவிடும். அப்புறமும் பாரம் இறங்கவில்லை என்றால் மனச்சோர்வு தனியாக இருக்கிறது, அதற்குத் தனியாகச் சிகிச்சை வேண்டும். சாக வேண்டும் என்ற எண்ணம் எட்டிப் பார்த்தால் ஒரு நாள்கூடக் காத்திருக்காதீர்கள், உடனே டாக்டரைப் பாருங்கள்.

இதைக் கேட்டுக்கொண்டிருக்கும் மற்றவர்களுக்கும் சொல்கிறேன், தினமும் நிறையக் குடிப்பவர்கள் இன்றைக்கே சட்டென்று நிறுத்தாதீர்கள். குடிக்காத காலையில் கை நடுங்குகிறது, வியர்க்கிறது என்றால் அது எச்சரிக்கை. முதல் இரண்டு மூன்று நாளில் வலிப்பு வரலாம், மனம் குழம்பி இல்லாத உருவங்கள் தெரியலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். மருத்துவ உதவியோடுதான் நிறுத்த வேண்டும்.

உங்கள் நண்பர் விஷயம். குடிக்காதவருக்கும் மனச்சோர்வு வரும், அதற்குக் காரணங்கள் பல. கொஞ்சம் குடிப்பவர்கள் நலமாக இருப்பதாகச் சொன்ன ஆய்வுகள் பலவற்றில், நோய் வந்து குடியை விட்டவர்களும் "குடிக்காதவர்" கணக்கில் சேர்ந்துவிட்டார்கள். பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2023-ல் தெளிவாகவே சொல்லிவிட்டது.

பெக்குக்குப் பதிலாக நீங்களாகவே தூக்க மாத்திரை போடாதீர்கள். இரண்டும் சேர்ந்தால் மூச்சு மந்தமாகிவிடும். டாக்டரிடம் போகும்போது வெட்கப்பட்டு அளவைக் குறைத்துச் சொல்லாதீர்கள். எந்த மருந்து, எவ்வளவு என்பதை அவர் அந்தக் கணக்கை வைத்துத்தான் முடிவு செய்வார்.