காரைக்குடியில் வாங்கிய பித்தளைத் தூக்கு

வணக்கம். நேற்றிரவுதான் காரைக்குடியிலிருந்து திரும்பினேன். துணிப்பையை இன்னும் பிரிக்கவில்லை, ஆனால் இதை முதலில் காட்டிவிட வேண்டும். நான்கு அடுக்குப் பித்தளைத் தூக்கு! பழைய பாத்திரக் கடையைக் கண்டால் நான் சும்மா வரமாட்டேன் என்பது உங்களுக்குத் தெரியும்.

முனீஸ்வரன் கோயில் தெருவில் வாங்கியது. கடைக்காரர் 3,500 என்றார். நான் 2,000 என்றேன். 3,200 என்றார். படியிறங்கினேன், கூப்பிடவில்லை. தெருமுனைவரை போய் சர்பத் குடித்துவிட்டுத் திரும்பி வந்தேன். 3,000. மூடி நெளிந்திருப்பதைக் காட்டினேன். 2,800. கையில் 2,600தான் இருக்கிறது என்றேன். ஒரு பெருமூச்சு விட்டு, தாளில் சுற்றிக் கொடுத்துவிட்டார். 900 ரூபாய் குறைத்துவிட்டேன்! பஸ்ஸில் வழியெல்லாம் அதே நினைப்பு.

இன்று காலை புளி போட்டுத் தேய்த்தால், அடியில் எழுத்துகள். செட்டிநாட்டில் சீர்ப் பாத்திரங்களில் வீட்டு எழுத்தை வெட்டி வைப்பார்கள். ஓர் ஆச்சிக்குப் பிறந்த வீட்டில் கொடுத்தது இது.

சொல்ல விட்டுப்போயிற்று, கடைக்குப் போகும் முன் கானாடுகாத்தானில் ஒரு வீட்டைப் பார்த்தேன். பூட்டிய வீடு. முகப்பில் பர்மாத் தேக்குத் தூண்கள், தரையில் ஆத்தங்குடிக் கல். அந்தக் கல்லின் குளுமைக்கு ஈடாக எந்தப் பளிங்கையும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து தொழில் செய்யப் போன செட்டியார்கள் அனுப்பிய காசில் எழுந்த வீடுகள் இவை. 1930களில் நெல் விலை விழுந்தது, கடன்பட்ட பர்மிய விவசாயிகளின் வயல்கள் செட்டியார்களின் வட்டிக்கடைகளுக்கு வந்து சேர்ந்தன. கீழ்ப் பர்மாவின் நெல் நிலத்தில் ஏறக்குறைய கால் பங்கு! அங்கே நிலத்தை இழந்தவர்களின் கண்ணீரும் இந்தத் தூண்களில் இருக்கிறது. 1942இல் ஜப்பானியர் ரங்கூனைப் பிடித்தார்கள். வயலைச் சுருட்டிக்கொண்டு ஓட முடியுமா? 1948க்குப் பிறகு அந்த நிலமும் அரசுக்குப் போனது. இங்கே கதவு, தூண், பாத்திரம் என்று ஒவ்வொன்றாகக் கடைக்கு வந்தன.

அந்த நிலைக்கதவுகளை அறுத்துச் சாப்பாட்டு மேசை செய்கிறார்களே, அது எனக்கு ஆகவே ஆகாது.

எழுத்துகளை விரலால் மறைத்துத்தான் காட்டுகிறேன். இது உங்கள் வீட்டுத் தூக்காக இருக்கும் என்று தோன்றினால், உங்கள் வீட்டு எழுத்தை எனக்கு எழுதுங்கள். பொருந்தினால் வந்து எடுத்துக்கொள்ளுங்கள். அந்த 2,600 ரூபாய் எனக்கு வேண்டாம்.